அடுத்த வீட்டுப் பையன்

‘பயிற்சி’ என்ற சொல்லை எதிர்த்து இந்த நாட்டில் யாரும் வாய் திறக்க முடியாது. சுத்தம், கருணை, தேசபக்தி ஆகியவற்றைப் போல அதுவும் ஆட்சேபணைக்கு அப்பாற்பட்ட சொல்லாகிவிட்டது. பையனுக்கு வேலை கிடைக்கவில்லையா? பயிற்சி கொடு. பயிற்சி பெற்ற பிறகும் கிடைக்கவில்லையா? அப்படியானால் இன்னொரு பயிற்சி கொடு. வைத்தியன் கொடுத்த கஷாயத்தில் காய்ச்சல் இறங்காவிட்டால் கஷாயத்தின் அளவைக் கூட்டுவதுபோல் கூட்டிக்கொண்டே போகிறோம்.

2009-இல் வகுத்த தேசியத் திறன் மேம்பாட்டுக் கொள்கை, 2022-ஆம் ஆண்டுக்குள் 50 கோடிப் பேருக்குத் திறன் பயிற்சி என்று கனவு கண்டது. ஆட்சி மாறிற்று. 2015 ஜூலையில் ‘திறன் இந்தியா’ என்று புதுப் பெயர் சூட்டி விழா எடுத்தார்கள். நம் மாநிலத்தில் 2022 மார்ச் முதல் தேதி ‘நான் முதல்வன்’ பிறந்தது. ஒருவர் மற்றவரை எதற்கெடுத்தாலும் எதிர்க்கிற கட்சிகள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே பஜனைக் கோஷ்டியில் நின்று பாடுகின்றன. இவற்றில் எதன்மீதும் எனக்குப் பகையில்லை. கைத்தொழில் கற்றுக்கொடுப்பதைக் குறை சொல்ல நான் பைத்தியக்காரனும் அல்லன். என் சண்டையெல்லாம் ஒரே ஒரு கணக்கோடுதான்.

“இத்தனை பேருக்குப் பயிற்சி அளித்தோம், அவர்களில் இத்தனை பேர் வேலையில் அமர்ந்தார்கள்” என்று அறிக்கைகளில் வருகிறதே, அந்தக் கணக்கு. மேடை, மாலை, நியமனக் கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகளின் புகைப்படம், இவையெல்லாம் அந்தக் கணக்குக்குச் சாட்சி. நான் கேட்பது இதுதான்: அந்தப் பிள்ளைகள் போய் உட்கார்ந்த நாற்காலிகள், அவர்கள் போகாதிருந்தால் காலியாகவே கிடந்திருக்குமா? அல்லது அதே ஊரில், அதே தெருவில், அடுத்த வீட்டிலிருக்கும் பையன் ஒருவன் அதில் உட்கார்ந்திருப்பானா?

‘பந்திக்கு முந்து’ என்று நம் முன்னோர்கள் சொல்லி வைத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் பந்திக்கு முந்துவது எப்படி என்று நூறு பேருக்கு வகுப்பு நடத்துவதால் அடுப்பில் ஒரு படி அரிசிகூட அதிகமாக வேகாது. எழுபது இலை போட்ட கல்யாணத்தில், வகுப்பில் தேறியவன் முதலில் போய் உட்காருவான். வகுப்புக்குப் போகாதவன் வாசல் திண்ணையில் காத்திருப்பான். வகுப்பு நடத்தியவர் தம் மாணவனின் இலையைச் சுட்டிக்காட்டி, “பார்த்தீர்களா, நான் ஒருவனுக்குச் சோறு போட்டேன்!” என்று மார்தட்டினால், சமையற்காரர் சிரிக்க மாட்டாரா?

இதைச் சொன்னவுடன் பொருளாதாரம் படித்த என் நண்பர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. “உனக்குக் கதை எழுதத் தெரியும், இது தெரியாது. ஒரு தேசத்தில் உள்ள வேலைகள் கல்யாணத்து இலை மாதிரி எண்ணி வைத்தவை அல்ல. திறமையுள்ள ஆட்கள் கிடைத்தால் தொழில் வளரும். தொழில் வளர்ந்தால் வேலை பெருகும். வேலை என்பது ஒரே அளவான பண்டம், ஒருவன் எடுத்தால் இன்னொருவனுக்குக் குறையும் என்று நினைப்பது நூறு வருஷத்துப் பழைய பிழை” என்றார். நான் பட்டம் வாங்கியவன் அல்லன். அவரோ அதிலேயே ஊறியவர். அவர் சொன்னதில் உண்மையும் இருக்கிறது. முதலாளி ஒருவர் ஆள் கிடைக்காமல் மிஷினைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார் என்றால், அந்த மிஷினை ஓட்டக் கற்றுக்கொண்டு போகிறவன் யார் சோற்றையும் பறிப்பதில்லை. அவனால் இன்னும் நாலு பேருக்கு, மூட்டை தூக்குகிறவனுக்கும் தேநீர்க் கடைக்காரருக்கும்கூட, பிழைப்பு உண்டாகிறது. ஆனால் மிஷினே இல்லாத ஊரில், அல்லது ஒரு மிஷினுக்கு முன்னால் ஏற்கெனவே நாற்பது பேர் வரிசையில் நிற்கிற ஊரில், இந்த உண்மை எந்த அளவுக்குச் செல்லும்? நண்பர் பேசியது பத்து வருஷம் கழித்து வரக்கூடிய நிலையைப் பற்றி. வீட்டு வாடகையோ மாதா மாதம் முதல் தேதி வருகிறது.

இலையை எண்ணிப் போட்ட பந்திக்கு உதாரணம் வேண்டுமானால் வெகு தூரம் போக வேண்டாம். 2025 ஜூலை 12-ஆம் தேதி நடந்த குரூப் 4 தேர்வுக்கு அறிவித்த இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 13 லட்சத்து 90 ஆயிரம் பேர். பிறகு இடங்களைச் சற்றுக் கூட்டினார்கள். அது காலியிடங்கள் சேர்ந்ததனால் வந்த கூடுதலே தவிர, பயிற்சி வகுப்புகள் பெருகியதனால் வந்ததல்ல. மாவட்டத் தலைநகரம் ஒன்றில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பாருங்கள். தேர்வுப் பயிற்சி நிலையங்களின் தட்டிகள் கண்ணை மறைக்கும். வென்றவர்களின் முகங்கள் தபால்தலை அளவில், வரிசை வரிசையாக. நாளைக்கே அத்தனை நிலையங்களையும் இழுத்து மூடினாலும் சர்க்கார் அந்த இடங்களை நிரப்பத்தான் போகிறது. நிலையங்கள் இரண்டு மடங்கானாலும் அதே இடங்கள்தாம். ஒரு குடும்பத்துக்குப் பயிற்சிக் கட்டணம் லாபமாகலாம். எல்லாக் குடும்பங்களையும் சேர்த்துப் பார்த்தால் அது வெறும் செலவு. கட்டணம் செலுத்த முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அது செலவுகூட அல்ல, தண்டனை.

பரீட்சையை விட்டுத் தள்ளுங்கள், அது எண்ணி வைத்த இடம்தான், தனியார் வேலைகள் அப்படியல்ல என்பீர்கள். அதையும் பார்த்திருக்கிறார்கள். பார்த்தவர்கள் என்னைப்போல் திண்ணையில் உட்கார்ந்து ஊகிக்கவில்லை. தெருத் தெருவாக எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

பிரான்ஸ் தேசத்தில், 2007-ஐ ஒட்டிய காலத்தில் ஒரு திட்டம். முப்பது வயதுக்குட்பட்டு, கல்லூரியில் இரண்டு வருஷமாவது படித்து, ஆறு மாதமாக வேலை தேடி அலுத்துப்போன இளைஞர்களுக்கு உதவி. தனியார் நிறுவனங்களிடம் அவர்களை ஒப்படைத்தார்கள். விண்ணப்பம் எழுதுவது, எங்கே காலியிருக்கிறது என்று தேடுவது, நேர்முகத்தில் எப்படிப் பேசுவது என்றெல்லாம் ஓர் ஆள் கூடவே இருந்து சொல்லிக்கொடுப்பார். நிறுவனத்துக்குக் கூலி தவணையாக: ஆளைச் சேர்த்தவுடன் கொஞ்சம், அவனுக்கு வேலை கிடைத்தால் கொஞ்சம், வேலை ஆறு மாதம் நிலைத்தால் மிச்சம். நம்மூர்த் திட்டங்களை அறிந்தவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல.

புதிதாக இருந்தது அதைச் சோதித்த விதம். புரூனோ கிரெபோன், எஸ்தர் டூஃப்லோ முதலிய ஐந்து பேர் சேர்ந்து செய்தார்கள். இந்த எஸ்தர் அம்மையார்தான் பிற்பாடு 2019-இல் நம் அபிஜித் பானர்ஜி, மைக்கேல் கிரேமர் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். 235 வட்டாரங்களை எடுத்துக்கொண்டு சீட்டுக் குலுக்கினார்கள். சில வட்டாரங்களில் யாருக்கும் உதவியில்லை, சிலவற்றில் தகுதியுள்ளவர்களில் கால் பங்குக்கு உதவி, சிலவற்றில் பாதிக்கு, சிலவற்றில் முக்கால் பங்குக்கு, சிலவற்றில் அனைவருக்கும். எந்த வட்டாரத்தில் எவனுக்கு உதவி என்பதையும் சீட்டே தீர்மானித்தது. ஆகவே உதவி பெற்றவனை மட்டும் பார்க்காமல், அதே ஊரில் உதவி பெறாமல் விடப்பட்டவன் என்ன ஆனான் என்பதையும், உதவியே நுழையாத ஊரில் அவனைப் போன்றவன் என்ன ஆனான் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. இவ்வளவு எளிய யோசனை அதற்குமுன் பலருக்குத் தோன்றாமற் போனதுதான் எனக்கு ஆச்சரியம்.

2013-இல் முடிவு வெளியாயிற்று. எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, உதவி பெற்றவர்களில் நிலையான வேலை கிடைத்தவர்கள் அதிகம். பேஷ்! ஆனால் அதே ஊரில் உதவி பெறாதவர்கள், உதவியே போகாத ஊர்க்காரர்களைவிடப் பின்தங்கிப்போயிருந்தார்கள். முன்னேறியவன் ஏறிய உயரத்தில் ஒரு பகுதி பக்கத்தவனின் தோள். அதுவும் எங்கே அதிகம் தெரியுமா? வேலை அருகிப்போன ஊர்களில். படித்தவன் படித்தவனோடு போட்டியிடுகிற இடங்களில். ஒரு வருஷம் ஆனபோது முன்னேற்றமும் கரைந்துபோயிற்று. மொத்தத்தில் தேசத்துக்கு மிஞ்சிய லாபம் மிகச் சொற்பம் என்றுதான் அவர்கள் எழுதினார்கள்.

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. வாசகர்கள் சற்றுப் பொறுமையாகக் கேட்க வேண்டும். இரண்டு பையன்கள் ஒரே படியில் நிற்கிறார்கள். ஒருவனுக்குப் பயிற்சி; அவன் ஒரு படி ஏறுகிறான். அவன் ஏறியதனாலேயே மற்றவன் ஒரு படி இறங்குகிறான். ஊரின் மொத்த லாபம் பூஜ்யம். ஆனால் அதிகாரி வந்து இருவரையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். இடையில் இரண்டு படி வித்தியாசம் தெரிகிறது. “பயிற்சியால் இரண்டு படி முன்னேற்றம்” என்று எழுதிக்கொண்டு போகிறார். அதாவது, பக்கத்தவன் எவ்வளவுக்கெவ்வளவு ஆழமாக விழுகிறானோ, அவ்வளவுக்கவ்வளவு திட்டம் ஜொலிக்கிறது! அவனுடைய நஷ்டமே திட்டத்தின் வரவுப் பத்தியில் ஏறுகிறது. இப்படி ஒரு கணக்கை ஒரு மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளை எழுதியிருந்தால் முதலாளி அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பார்.

பிரான்ஸ் மட்டுமல்ல. டென்மார்க்கில் 2005, 2006 ஆண்டுகளில் இரண்டு மாவட்டங்களில் இதேபோல் வேலை தேடுவோரைத் தீவிரமாக ஊக்குவித்தார்கள். ஊக்கம் பெற்றவர்கள் சீக்கிரம் வேலை பெற்றார்கள். அதே மாவட்டங்களில் பெறாதவர்களுக்கு வேலை கிடைக்க முன்னைவிடத் தாமதமாயிற்று. ஸ்வீடனில் 1980-களின் பிற்பகுதியிலிருந்து பத்தாண்டுக் கணக்கைப் பார்த்தவர்கள் வேறொரு விஷயம் சொல்கிறார்கள். சர்க்கார் மானியம் கொடுத்து உண்டாக்கிய வேலைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 65, வேறு யாரோ ஒருவனுடைய சாதாரண வேலையை விழுங்கியவை. ஆனால் தொழிற்பயிற்சியில் அப்படிப்பட்ட விழுங்கல் அவர்கள் கண்ணுக்குப் புலப்படவில்லை.

இந்தக் கடைசி வரியை நான் மறைக்க விரும்பவில்லை. என் கட்சிக்கு அது பாதகம் என்று சிலர் நினைக்கலாம். எனக்கென்னவோ விஷயமே அங்கேதான் இருக்கிறது என்று படுகிறது. வேலை செய்யக் கற்றுக்கொடுப்பது வேறு. வேலை வாங்கக் கற்றுக்கொடுப்பது வேறு. வெல்டிங் கற்றவன் உலகத்தில் இல்லாதிருந்த ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு வருகிறான். நேர்முகத்தில் எப்படி உட்கார வேண்டும் என்று கற்றவன் வரிசையில் தன் இடத்தை மட்டும் மாற்றிக்கொள்கிறான். நம் ஊரில் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே சான்றிதழ். இரண்டாவது மலிவு என்பதால் அதுதான் பெருகிக்கொண்டு போகிறது. ஓர் அறை, ஒரு மின்விசிறி, சுவரில் படம் காட்டும் பெட்டி, மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஒரு வாத்தியார் இருந்தால் போதும். வெல்டிங் கற்பிக்க மின்சாரம் வேண்டும், இரும்பு வேண்டும், கை சுட்டுக்கொண்டால் மருந்து வேண்டும். இந்த நியாயத்தில், டாடா நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் புது மிஷின்களை இறக்கினார்களே, அதை நான் வாய் நிறைய வாழ்த்துவேன். வெறும் பேச்சுப் பயிற்சிக்கு அந்த வாழ்த்து இல்லை.

கைத்தொழில் என்றாலே புனிதம் என்றும் எண்ணிவிடக் கூடாது. தையல் வகுப்பைப் பாருங்கள். பெண்களுக்கு எதையாவது செய்ய வேண்டும் என்று தோன்றியவுடன் சர்க்காருக்கும் சங்கங்களுக்கும் முதலில் நினைவுக்கு வருவது தையல் மிஷின்தான். நூறு வீடுள்ள தெருவில் ஒருத்தி ஜாக்கெட் தைத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறாள். பத்து வருஷமாகத் தெருவுக்கெல்லாம் அளவு அவளுக்கு மனப்பாடம். தீபாவளி, பொங்கலுக்கு இராத்திரி இரண்டு மணிவரை மிஷின் ஓடும்; ஆடி மாதம் முழுக்க அடங்கிக் கிடக்கும். அந்தத் தெருவில் எட்டுப் பெண்களுக்கு மூன்று மாதப் பயிற்சி, இலவச மிஷின். பெண்கள் அணியும் ஜாக்கெட் எட்டு மடங்காகிவிட்டதா? ஒரு துணியும் கூடவில்லை. புதிதாக வந்தவள் பத்து ரூபாய் குறைத்துத் தைக்கிறாள். அடுத்தவள் இன்னும் பத்து ரூபாய் குறைக்கிறாள். பழையவள் வேறு வழியில்லாமல் தானும் குறைக்கிறாள். ஒரு வருஷத்தில் ஒன்பது பேரும் சேர்ந்து ஒருத்தியின் வருமானத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அறிக்கையிலோ, ‘சுயதொழில் தொடங்கியோர்: 8’. பழையவளைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி கிடையாது. அவள் பயிற்சி பெற்றவள் அல்லவே!

இதே தையலை அதே எட்டுப் பெண்கள் திருப்பூருக்குப் பக்கத்தில் கற்றிருந்தால் கதை வேறு. அங்கே ஆர்டர் கடல் கடந்து வருகிறது. சீஸனில் ஆள் போதாமல் பீஹாரிலிருந்தும் ஒடிஸாவிலிருந்தும் ரயிலில் வந்து இறங்குகிறார்கள். அங்கே ஒருத்தி வேலையில் சேர்ந்தால் மறு வாரமே பக்கத்து வீட்டுக்காரியையும் சூப்பர்வைசரிடம் சொல்லி உள்ளே இழுத்துக்கொள்வாள். பயிற்சி அதேதான், மிஷினும் அதேதான். ஓரிடத்தில் அண்டை வீட்டுக்கு வாழ்வு, இன்னோரிடத்தில் அண்டை வீட்டு வாயில் மண். இந்த வித்தியாசத்தைப் பார்க்க நோபல் பரிசு வேண்டாம். தெருவைப் பார்த்தால் போதும். ஆனால் திட்டம் வகுக்கிறவர்களுக்குத் தெரு கண்ணில் படுவதில்லை; எண்ணிக்கை இலக்குதான் படுகிறது.

பழைய டைப்ரைட்டிங் கதையும் இதுதான். தெருவில் ஒரே பையன் ‘லோயர்’ பாஸ் செய்திருந்தால் அது தகுதி. எல்லாப் பையன்களும் பாஸ் செய்துவிட்டால் அது வாசற்படி. தாண்டாதவன் உள்ளே வரக்கூடாது என்பதற்கு ஒரு கட்டை. பிறகு ‘ஹையர்’, அதற்குப் பிறகு சுருக்கெழுத்து, இப்போது கம்ப்யூட்டர், நாளைக்கு வேறொன்று. கட்டை உயர உயரக் குமாஸ்தாவின் வேலை உயர்ந்துவிடவில்லை.

இதையெல்லாம் நான் எழுத உட்கார்ந்ததற்குப் புள்ளிவிவரம் காரணமல்ல. போன வருஷம் ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்த வேலைவாய்ப்பு முகாமுக்குச் சென்றிருந்தேன். கதைக்கு ஆள் தேடிப் போகிற கெட்ட பழக்கம் என்னிடம் உண்டு. சாமியானா நிழலில் ஓர் அம்மாள், அவள் பக்கத்தில் பையன். டிப்ளமா முடித்தவன். அவன் தெருவிலேயே இன்னொரு பையன், அவனும் அதே டிப்ளமா, ஏறக்குறைய அதே மார்க். அவனுக்கு மூன்று மாதப் பயிற்சியில் இடம் கிடைத்தது, இவனுக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்றால், முப்பது பேரோடு பட்டியல் மூடிவிட்டது. இவன் மறுநாள் போனான். அன்று ஒரு கம்பெனி அந்தத் தெருப்பையனை எடுத்துக்கொண்டது, இவனை விட்டுவிட்டது.

“இவனுக்குச் சாமர்த்தியம் போதாதுங்க” என்றாள் அந்த அம்மாள். “அடுத்த வீட்டுப் பையனைப் பாருங்க, என்னமா இங்கிலீஷிலே பேசறான்! இவனும் இருக்கானே, வாயிலே கொழுக்கட்டை வெச்ச மாதிரி.”

பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா சொன்னதை அவன் நம்புகிறான் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த வேலை என்னவென்று விசாரித்தேன்: உதிரி பாகங்களை எண்ணிப் பெட்டியில் அடுக்கி, பட்டியலில் குறிக்கிற வேலை. அதற்கு இங்கிலீஷும் வேண்டாம், தமிழும் வேண்டாம். பத்துவரை எண்ணத் தெரிந்தால் போதும். ஒரு இடத்துக்கு இரண்டு பேர் இருந்தார்கள். யாரையாவது ஒருவனைக் கழிக்க வேண்டும். கழிப்பதற்கு இங்கிலீஷ் உதவிற்று. இவன் ஒருநாள் முந்திப் போயிருந்தால் அந்தத் தாய்மார்கள் இருவரும் இடம் மாறி நின்றிருப்பார்கள், அதே வார்த்தைகளைப் பேசிக்கொண்டு.

பிரான்ஸில் தோற்றவனுக்கு வேலையற்றோர் உதவிப்பணம் உண்டு. இங்கே பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். அதுவும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருஷம் காத்திருந்தால்தான், அதுவும் மூன்று வருஷத்துக்குத்தான். ஆகவே விழுகிறவன் அப்பாவின் பென்ஷன் மேலும், அம்மாவின் சொல் மேலும்தான் விழுகிறான். அங்கே வந்த முடிவைப் படித்துவிட்டு, “அது குளிர் தேசத்துச் சமாசாரம் ஸார், நமக்குப் பொருந்தாது” என்று ஓர் அதிகாரி என்னிடம் சொன்னார். வாஸ்தவம். இங்கே இன்னும் மோசமாகப் பொருந்தும்.

பயிற்சியை நிறுத்து என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். ஆள் கிடைக்காத வேலைக்கு ஆளைத் தயார் செய்யுங்கள். வேலை இல்லாத ஊரில் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதியையாவது வேலையை உண்டாக்கச் செலவழியுங்கள். வெறும் வரிசை மாற்றத்துக்கு ‘வேலைவாய்ப்பு’ என்று பெயர் வைக்காதீர்கள். அதோடு, எண்ணுகிறபோது எல்லாரையும் எண்ணுங்கள். பயிற்சிக்கு விண்ணப்பித்து இடம் கிடைக்காமல் திரும்பியவன் ஒரு வருஷம் கழித்து எங்கே இருக்கிறான், திட்டமே போகாத பக்கத்து வட்டத்தில் அவனைப் போன்றவன் எங்கே இருக்கிறான் என்று கேளுங்கள். இதற்குப் புது இலாகா ஒன்றும் வேண்டியதில்லை. முப்பது பேரின் பெயரை எழுதிய அதே பதிவேட்டில், இடமில்லை என்று திருப்பி அனுப்பியவர்களின் பெயர்களும் டெலிபோன் எண்களும் அடுத்த பக்கத்திலேயே இருக்கின்றன. ஒரு குமாஸ்தா ஒரு வாரம் உட்கார்ந்து கூப்பிட்டுக் கேட்டால் தீர்ந்தது.